நாலு அங்குல ஐஸ்

அண்ணாமலை நகரில் அம்மாவின் மீனுக்கு ‘ஐஸ் பார்க்காத மீன்’ என்று பெயர். அம்மா பதினாலு வருடமாக அந்தப் பெயரைக் காப்பாற்றி வருகிறாள். விடியும் முன்பே கடலூர் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடையில் ஈரச்சாக்கு போட்டு மூடி, முதல் பஸ்ஸில் சிதம்பரம் போய், பல்கலைக்கழக ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் தெருக்களில் பதினோரு மணிக்குள் விற்று முடித்துவிடுவாள். ஐஸ் மீன் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். படகு கடலில் பத்து நாள் கிடந்து, பிடித்ததையெல்லாம் ஐஸில் அடுக்கிக் கொண்டுவந்த மீன் அது. வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே “ஐஸ் மீனா?” என்றுதான் கேட்பார்கள். அம்மாவிடம் மட்டும் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இந்த வருடம் மாசி பிறந்ததும் அங்குள்ள குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. இனித் தெருவில் மீன் விற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், பழைய ஷட்டில்காக் ஆடும் சிமென்ட் தரையில் சந்தை. மீனுக்கு இரண்டே இடம். அதில் ஒன்று, ஒன்பதாம் நம்பர், அம்மாவுக்கு. ஆனால் அவரவர் கூடாரத்தை அவரவரே கொண்டுவர வேண்டும். பக்கச் சுவர் இருக்க வேண்டும். ஏழு மணிக்குக் கேட் திறந்து ஏழரைக்குள் நிறுத்திவிட வேண்டும். தரையில் ஆணி அடிக்கக் கூடாது. மீனை ஐஸ் மேல்தான் வைக்க வேண்டும். முதல் ஞாயிறு சரியாக நடத்திக் காட்டினால் இடம் நிரந்தரம். இல்லையென்றால் காத்திருக்கும் ஏழு பேரில் அடுத்தவருக்கு.

நோட்டீஸை நான் படிக்கப் படிக்க அம்மா மடியில் இருந்த கத்தரிக்காயை நறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கூடாரம் கெடக்கட்டும். ஐஸுல வச்சா ஐஸ் மீனுன்னுல்ல சொல்லுவாங்க?”

“வாங்குறவங்களுக்குத் தெரியாதா அக்கா?” என்றார் செபாஸ்டின் மாமா. அம்மாவின் தம்பி, லோடு ஆட்டோ ஓட்டுகிறார். “கூடாரத்துக்கு மட்டும் வழி பாரு. அப்பறம் மரியாதயா என் வண்டியில ஏறி வா.”

அப்பா பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் இருக்கிறார். அரவை முடியும்வரை வீட்டுப் பக்கம் வர மாட்டார். ஆகவே கூடாரம் தேடும் வேலை என்னிடம் வந்தது.

“நீதான படிச்சவ, மேரி. நல்லதாப் பாத்து நீயே சொல்லு” என்றாள் அம்மா.

நான் பி.காம். முடித்துவிட்டு மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டுவரை ஸ்ரீமதி மிஸ்ஸிடம் ஆங்கில வகுப்பு. மிஸ் சொன்னதால் தினமும் டைரி எழுதுகிறேன். எதையும் வரிசைப்படி எழுதிவைத்துத்தான் செய்வேன். அப்படியிருந்தும் நான் தேர்ந்தெடுத்த பொருள் எதுவும் வீட்டில் சரியாக அமைந்ததில்லை. போன வருடம் பார்த்துப் பார்த்து வாங்கிய மின்விசிறி சுவரில் மாட்டுவது என்று பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீட்டில் அதை மாட்டும் உயரத்துக்குச் சுவரே இல்லை. மேலே ஓடுதான்.

இருந்தாலும் நோட்டில் கட்டம் போட்டேன். ஒன்றரை வாரம் போனில் தேடினேன்.

முதலில் பார்த்தது நாலு கால் நட்டு மேலே துணி போடுகிற பந்தல் வகை. மலிவு. ஆனால் பக்கச் சுவர் கிடையாது. ஆணி அடிக்காமல் நிறுத்தினால் முதல் காற்றிலேயே குடை மாதிரி மடங்கிவிடும் என்று வாங்கினவர்களே எழுதியிருந்தார்கள். அடுத்தது மலையேறுகிறவர்கள் படுத்துக்கொள்ளும் கூடாரம். அதில் அடித்துணி சேர்த்துத் தைத்திருக்கிறது. மீன் தண்ணீர் பட்டால் நாற்றம் போகவே போகாது. அம்மா நிமிரவும் முடியாது.

மூன்றாவதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாலு சுவர், கூரை, அடித்துணி இல்லை. நிற்கிற உயரம். ஒவ்வொரு சுவரின் நடுவிலும் ஒரு பட்டை. அதைப் பிடித்து இழுத்தால் உள்ளே மடங்கியிருக்கும் கம்பிகள் வெளியே புடைத்து, சுவர் தானாக விறைத்துக்கொள்ளும். ஒரே ஆள், சில நிமிடம். இரண்டு பக்கம் ஜிப் வைத்த வாசல், ஆறு ஜன்னல், மெத்தை மாதிரி தைத்த தடித்த துணி. மடித்தால் ஒரே பைக்குள் அடங்கிவிடும். இதற்கெல்லாம் மேலே, பெயரே ஐஸ் ஃபிஷ்ஷிங் ஷெல்டர்.

நோட்டில் அதற்கு நேராகத் தமிழில் எழுதினேன்: ஐஸ் மீன் கூடாரம். சங்கம் ஐஸ் கேட்கிறது, கூடாரம் கேட்கிறது. இரண்டையும் ஒன்றாக யோசித்து எவரோ தயாரித்தும் வைத்திருக்கிறார்கள். எந்த ஊரில் விற்கிறவர்களோ, நல்லாயிருக்கட்டும் என்று நினைத்தேன். சென்னையில் யாரோ வாங்கித் திருப்பி அனுப்பியதாம், விலை பாதியாக இருந்தது. ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று யோசிக்க வேண்டும் என்று கூட நோட்டில் எழுதினேன். யோசிக்கவில்லை.

பார்சல் வந்தபோது மாமாவும் வீட்டில் இருந்தார். பைக்குள்ளிருந்து வெளியே வந்தது ஆளுயர நீலக் கட்டு. மாமா துணியை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

“என்னா மருமவளே, மீனுக்குப் போர்வ வாங்கியாந்திருக்க? ராத்திரிக்குக் குளுருதாமா?”

“வெயில் உள்ள எறங்காம இருக்கத்தான் மாமா.”

“ஜாஸ்தி யோசிக்கிற நீ.”

கூடவே கட்டைவிரல் தடிமனில், முனை கூராகத் திருகு வைத்த ஆறு ஆணிகள் இருந்தன. தரையில் ஆணி அடிக்கக் கூடாது என்றதால் அவற்றை ஒதுக்கி வைத்தேன். மாமா ஒன்றை எடுத்துப் பார்த்து, “ஐஸ் பார உடைக்கக் குடுத்திருக்கான்” என்றார். சரியாகத்தான் இருக்கும் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்த எழுத்தைப் பார்த்தேன். வாசல் பக்கச் சுவரில், மேலே, ஒரு முழ உயரத்தில் வெள்ளையாக அச்சடித்திருந்தார்கள். ஐஸ் ஃபிஷ்ஷிங் ஷெல்டர். வண்டியில் போகிறவர்கள் படிக்கலாம், அவ்வளவு பெரிசு.

பதினாலு வருடமாக அம்மா தப்பித்து வந்த வார்த்தையை நானே அவள் தலைக்கு மேலே எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அதுவும் ஊரிலேயே இங்கிலீஷ் அதிகம் படிக்கிறவர்கள் இருக்கிற இடத்துக்கு.

“என்னா எழுதியிருக்குது?” என்றாள் அம்மா. அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆங்கிலம் தெரியாது.

“கம்பெனி பேரும்மா.”

“எடுப்பாத்தான் இருக்குது.”

அவளிடம் பொய் சொன்னதை அன்று டைரியில் எழுதவில்லை. மறுநாள் எழுதினேன்.

கூடாரத்தோடு ஒரு சின்னப் புத்தகம் வந்திருந்தது. மூன்று நாள் வகுப்பு முடிந்து வந்து, அகராதி வைத்துக்கொண்டு உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதினேன். முக்கியமாக மூன்று விதிகள். ஐஸ் நாலு அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் கூடாரத்தை நிறுத்தவே கூடாது. துளைகளை முதலில் போட்டுவிட்டுப் பிறகுதான் கூடாரத்தை மேலே நிறுத்த வேண்டும். உள்ளே எப்போதும் காற்றோட்டம் இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் மங்கலாக ஒரு படம். காது மூடின தொப்பியும் தடித்த சட்டையும் போட்ட ஒருவர் கூடாரத்துக்குள் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். காலடியில் ஒரு வட்டம். கையிலிருந்து ஒரு கயிறு அந்த வட்டத்துக்குள் போகிறது. வட்டத்தை ஐஸ் பெட்டி என்றும் கயிற்றைத் தராசுக் கயிறு என்றும் எடுத்துக்கொண்டேன். பாவம், நாள் முழுக்க ஐஸ் பக்கத்திலேயே உட்கார்ந்தால் குளிரத்தானே செய்யும்?

“ஐஸ் நாலு அங்குலம் போடணுமாம்மா. அதுக்குக் கொறையக் கூடாதாம்.”

“யாரு சொன்னா?”

“புத்தகத்துல தடிச்ச எழுத்துல போட்டிருக்குது.”

“ரெண்டு அங்குலம் போதாதா?”

“அபாயம்னு போட்டிருக்குதும்மா.”

அம்மா வாயைப் பிளந்தாள். மீன் கெட்டால் அபாயம்தான் என்று அவளே சொல்லிக்கொண்டு, சரி என்றாள். மாமா பிளாஸ்டிக் பெட்டிகளின் அடியில் டிரில் போட்டு ஓட்டை வைத்தார். உருகும் தண்ணீர் வடிய, கீழே ஒரு தொட்டி. துளை முதலில், கூடாரம் பிறகு. புத்தகத்தில் இருந்தபடியே எல்லாம் செய்தோம்.

நிறுத்திப் பார்க்கப் பக்கத்து மாடியைக் கேட்டு வாங்கினேன். ஞானாம்பாள் அக்கா வீட்டு மொட்டை மாடி. எங்கள் ஓட்டு வீட்டில் அதற்கு இடமில்லை. முதல் நாள் பட்டையைப் பிடித்து இழுத்தேன், இழுத்தேன், வரவேயில்லை. சுவரில் கால் வைத்து மொத்த பலத்தையும் போட்டபோது டப் என்று வெடித்த மாதிரி புடைத்து, கம்பி முனை என் தாடையில் அடித்தது. இருபத்து நாலு நிமிடம். கீழிருந்து நிமிர்த்தும்போது முதலில் நாலு சுவரையும் இழுத்துவிட்டுக் கடைசியில்தான் கூரையைத் தள்ள வேண்டும் என்பது நாலாவது தடவையில் பிடிபட்டது. கூரையை முதலில் தள்ளினால் சுவர்கள் முறுக்கிக்கொள்கின்றன. பதினோரு நிமிடம் ஆனது. அப்புறம் ஏழு.

ஏழு நிமிடம் ஆன சந்தோஷத்தில் தண்ணீர் குடிக்கக் கீழே போனேன். திரும்பி வந்தால் மாடியில் கூடாரம் இல்லை.

“மேரி!” என்று தெருமுனையிலிருந்து குரல். “உன் வூடு பறந்து வந்து ரேஷன் கடக்காரர் மாமரத்துல குந்திக்கிட்டிருக்குது, வந்து எறக்கிக்க!”

ஞானாம்பாள் அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழுதுகொண்டே போய் இறக்கினேன். ஒரு ஜன்னல் ஓரம் கிழிந்திருந்தது. அன்று இரவு டைரியில், ‘இதை அம்மா என்னிடம் விட்டிருக்கக் கூடாது’ என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழேயே, ‘காற்று: என்ன கட்டலாம்?’ என்றும் எழுதினேன். காலையில் விடை கிடைத்தது. தண்ணீர் கேன். இருபது லிட்டர் கேன் நாலு, சுவருக்கு ஒன்று. சுவரின் நடு வளையத்திலிருந்து கேனின் கழுத்துக்குக் கயிறு. போகும்போது காலியாகக் கொண்டுபோய் அங்கே குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். மீன் கழுவவும் ஆகும்.

வெயில்தான் இன்னொரு பயம். மதியம் ஒரு கிண்ணத்தில் எட்டு ஐஸ் கட்டிகளைக் குடை நிழலிலும், எட்டைக் கூடாரத்துக்குள் வாசல், ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டும் வைத்தேன். குடைக்கு அடியில் இருந்தவை முக்கால் மணியில் தண்ணீராயின. கூடாரத்தில் இருந்தவை ஒன்றேகால் மணிவரை தாங்கின. மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். மூன்று நாளும் ஏறக்குறைய அதே கணக்கு. மெத்தைத் துணி சும்மா இல்லை. அன்றைக்குத்தான் முதல்தடவையாக, ஒருவேளை நான் சரியாகவே தேர்ந்தெடுத்திருக்கிறேனோ என்று தோன்றியது. உடனே அந்த எழுத்து கண்ணில் பட்டது.

எழுத்தை மறைக்க மாமா வீட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் கேட்டு வாங்கினேன். மாமா மகளுக்குச் சர்ச்சில் நடந்த புதுநன்மை விழாவுக்கு அடித்தது. வெள்ளைப் பின்பக்கம் வெளியே தெரியும்படி எழுத்தின் மேல் வைத்துக் கட்டினால் சுத்தமாக இருந்தது. வெயிலுக்கும் நல்லது என்று அம்மாவிடம் சொன்னேன். அது இரண்டாவது பொய். சனிக்கிழமை சாயங்காலப் பூசையில் அம்மா கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் முழங்காலில் இருந்தபடி ஃப்ளெக்ஸின் கயிற்று முடிச்சுகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு மூலைக்கு நாலு முடிச்சு. நடுவில் ஒன்று போட்டிருக்கலாமோ?

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குக் கேட் திறந்தார்கள். சங்கச் செயலாளர் உத்திராபதி சார் கையில் லிஸ்ட்டோடு நின்றார். நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்பதாம் நம்பர் கட்டத்துக்கு ஓடினேன். ஒரு சுவர், டப். இரண்டாவது, டப். மூன்றாவது, நாலாவது. உள்ளே போய்க் கூரையைத் தோளால் ஒரே தள்ளு. பக்கத்தில் காய்கறிக்காரர் பந்தலின் முதல் காலையே இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

“மூணு நிமிஷம்!” என்று மாமா கத்தினார். “எம் மருமவ மூணு நிமிஷத்துல வூடு கட்டிட்டாய்யா!”

மூன்று நிமிடம் நாற்பது நொடி. நான் திருத்தவில்லை.

கேன்களை நிரப்பிக் கட்டினோம். மாமா திருகு ஆணியால் ஐஸ் பாரை உடைத்தார். அம்மா பெட்டிகளில் ஐஸைப் பரப்ப, நான் ஸ்கேல் வைத்து அளந்தேன். நாலு அங்குலம். அதன்மேல் சங்கரா, கவளை, கொடுவா, ஒரு தட்டில் இறால். நீலக் கூடாரத்துக்குள் வெள்ளை ஐஸும் சிவப்புச் சங்கராவுமாகப் பார்க்க அப்படி இருந்தது. உத்திராபதி சார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். கேன் கயிற்றை இழுத்துப் பார்த்தார். “பரவாயில்லையே” என்று ஒரு டிக் போட்டார். “பதினோரு மணிக்கு இன்னொரு ரவுண்டு வருவேன்.”

ஒன்பதரை மணிவரை நன்றாகத்தான் போனது. பிறகு கிழக்கிலிருந்து காற்று எழுந்தது. காய்கறிக்காரர் பந்தல் ஒருக்களித்துச் சாய்ந்தது. நாலு பேர் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். எங்கள் கூடாரம் ஒருமுறை குலுங்கியது. கேன்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டன. நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் ஃப்ளெக்ஸ் படபடவென்று அடிக்கும் சத்தம் கேட்டது.

வெளியே சந்திரலேகா மேடம் பையோடு வந்துகொண்டிருந்தார். பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறவர். அம்மாவின் முதல் வாடிக்கை. குவார்ட்டர்ஸில் பாதி வீடுகளுக்கு அம்மாவை அறிமுகப்படுத்தியதே அவர்தான். அவர் மீன் வாங்கினால் அந்தத் தெருவே வாங்கும். அவர் கூடாரத்துக்கு ஐந்தடி முன்னால் நின்று மேலே பார்த்தார்.

ஃப்ளெக்ஸின் இடது மூலை அவிழ்ந்து வலது பக்கமாக மடங்கியிருந்தது. மாமா மகள் கையில் மெழுகுவர்த்தியோடு தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில், ஒரு முழ எழுத்தில், பாதி வாசகம்.

“ஐஸ் ஃபிஷ்” என்று மேடம் சத்தமாகப் படித்தார். “என்ன ராணி, போர்டே வெச்சிட்டியா? நீயும் ஐஸ் மீனுக்கு மாறிட்டேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருவர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தார்.

“ஐஸ் மீனா?” அம்மா எழுந்துவிட்டாள். “யாரு சொன்னது மேடம்? இன்னைக்கு விடியக்கால எடுத்த மீனு இது!”

“நீதான எழுதி வெச்சிருக்க. அதுக்கேத்த மாதிரி மலை மாதிரி ஐஸ் வேற.”

அம்மா மேடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். கம்பெனி பேரு என்று நான் சொன்னது அவள் முகத்தில் திரும்ப ஓடியது.

ஃப்ளெக்ஸின் அவிழ்ந்த மூலையைப் பிடித்து இழுத்துத் திரும்பக் கட்டலாம் என்று முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். கயிறு கையில் இருந்தது. கட்டிவிட்டால் மட்டும் படித்தது இல்லாமல் போய்விடுமா? முகத்துக்கு நேரே அந்தக் கடைசி எழுத்து இருந்தது. அதற்கு அடுத்த எழுத்துகள் ஃப்ளெக்ஸுக்கு உள்ளே. ஐ, என், ஜி.

மூன்று வாரமாக வகுப்பில் நாங்கள் போட்டுக்கொண்டிருப்பது இந்த மூன்று எழுத்தைத்தான். நான் எப்போதும் மறப்பதும் இதைத்தான். வியாழக்கிழமை மிஸ் என் நோட்டில் சிவப்பு மையால் சுழித்துவிட்டுச் சொன்னார்: ‘செய்ற வேலைக்குத்தான் இங் வரும், மேரி. மேஜைக்கு வராது, நாற்காலிக்கு வராது.’

அப்படியென்றால் மீனுக்கு மட்டும் எப்படி வந்தது?

மீனுக்கு வராது. இங் வந்திருந்தால் அது மீன் இல்லை. ஒரு வேலை. மீன் பிடிக்கிற வேலை. அந்தப் படம் கண்ணுக்குள் வந்தது. முக்காலி, வட்டம், வட்டத்துக்குள் போகும் கயிறு. அது தராசுக் கயிறு இல்லை. தூண்டில். வட்டம் ஐஸ் பெட்டி இல்லை. ஐஸில் போட்ட ஓட்டை. ஐஸ் அவர் பெட்டிக்குள் இல்லவே இல்லை, காலுக்குக் கீழே இருக்கிறது. அவர் உட்கார்ந்திருக்கும் தரையே அதுதான்.

நான் மூலையைக் கட்டவில்லை. மற்ற மூன்று முடிச்சுகளையும் அவிழ்த்தேன். ஃப்ளெக்ஸ் என் காலடியில் சரிந்து விழுந்தது.

“மேடம், இன்னும் மூணு எழுத்து பாக்கி இருக்குது” என்றேன். “ஃபிஷ் இல்ல மேடம். ஃபிஷ்ஷிங்.”

மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதையும் படித்தார். “ஐஸ் ஃபிஷ்ஷிங்... ஷெல்டர்.” அவர் புருவம் மெல்ல உயர்ந்தது.

“குளிர் நாட்டுல ஏரியெல்லாம் ஐஸா உறைஞ்சிடும்ல மேடம். அதுமேல இதப் போட்டு, உள்ள குந்திக்கிட்டு, ஓட்ட போட்டுத் தூண்டில் விடுவாங்க. அவுங்களோட கூடாரம் இது. எங்க மீனுக்கும் இந்த எழுத்துக்கும் சம்பந்தம் இல்ல.”

சொல்லி முடித்த பிறகு, தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று பயம் வந்தது. மேடம் குனிந்து, ஐஸ் மேலிருந்து ஒரு சங்கராவை எடுத்துச் செவுளை விரலால் விரித்துப் பார்த்தார். ரத்தச் சிவப்பு. கண்ணை அழுத்திப் பார்த்தார். பின்னால் நின்ற இரண்டு பேரும் கழுத்தை நீட்டினார்கள்.

“அப்ப இந்த ஐஸ்?”

“ஐஸு சங்கத்துக்கு மேடம்” என்றாள் அம்மா. “மீனு உங்களுக்கு.”

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “பனிப் பிரதேசத்துக் கூடாரத்தச் சிதம்பரத்துல கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்களே! உம் பொண்ணா கண்டுபிடிச்சா?”

“வேற யாரு?” அம்மா கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “ஒன்றர வாரம் உக்காந்து தேடி எடுத்தா. மூணே நிமிசத்துல நிறுத்துவா. அந்தாண்ட பந்தல் சாஞ்சிது பாருங்க, எங்களுது அசையல. நூலு வச்சி அளந்து வச்சா மேடம் எல்லாத்தையும். ரெண்டு கிலோ போடட்டுமா?”

அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம் அம்மா மேலே கைகாட்டித் தானே ஆரம்பித்தாள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொன்னாள். பத்தரைக்குள் அந்தக் கதையில் ஏரி கடலாகிவிட்டது, கூடாரம் வெளிநாட்டிலிருந்து எனக்கென்றே கப்பலில் வந்துவிட்டது. உத்திராபதி சார் இரண்டாவது ரவுண்டில் வந்தபோது கவளை தீர்ந்திருந்தது. அவர் எழுத்தை அண்ணாந்து படித்துவிட்டு, லிஸ்ட்டில் ஒன்பதுக்கு நேராக அம்மா பெயரை மையால் எழுதினார். ஆரோக்கிய ராணி. அதுவரை அது பென்சிலில்தான் இருந்தது.

நான் ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு அம்மாவிடம் கேட்டேன். “அடுத்த வாரம் மூடிடலாமா?”

“எதுக்கு மூடணும்?” என்றாள். பிறகு குரலைத் தணித்து, “கம்பெனி பேருன்னு ஏன் சொன்ன?”

“ஐஸ் மீனுன்னு நெனச்சிட்டேம்மா.”

“அப்படி நெனச்சிக்கிட்டேவா எனக்கு இத வாங்குன?”

“ம்.”

அம்மா ஐஸ் தண்ணீர்க் கையால் என் முதுகில் ஒரு அடி வைத்தாள். குளிர் உள்ளே வரை இறங்கியது. அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது, சிரிக்கிறாள்.

திரும்பும்போது லோடு ஆட்டோவில் முன்னால் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். புதுச்சத்திரம் தாண்டியதும் மாமா கேட்டார்.

“எல்லாம் சரி மருமவளே. அந்த நாலு அங்குலம் எதுக்கு? ஐஸு பாதி மிச்சம் கெடக்குது பின்னால.”

நான் இதைத்தான் யாரும் கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

“அது மீனுக்கு இல்ல மாமா. ஏரி மேல நிக்குற ஆளுக்கு. நாலு அங்குலத்துக்குக் கொறஞ்சா ஐஸு ஒடஞ்சி ஆளு உள்ள போயிருவாரு.”

மாமா வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங் மேல் தலையை வைத்துச் சிரித்தார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. எனக்குக் காது சுட்டது. புத்தகம் முழுக்க ஒரு வரி விடாமல் தப்பாகப் படித்திருக்கிறேன். துளை, ஆணி, ஐஸ், எல்லாமே.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மடியில் இருந்த கூடாரப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“நாலு அங்குலத்துல ஒரு ஆளே நிப்பான்னா மீனு நிக்காதா?” என்றாள். “மதியம் வரைக்கும் ஒரு செவுளு வெளுத்துச்சா, சொல்லு? அடுத்த வாரமும் நாலு அங்குலம்தான். நீ வண்டிய எடு தம்பி.”

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். ஆலப்பாக்கம் வரும்வரை அம்மா வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். காதைக் கொடுத்துக் கேட்டேன்.

“ஃபிஷ்ஷிங்கு” என்றாள். “சரியா?”

“சரிதாம்மா.”

“நீ ஒரு தடவ சொல்லு.”

சொன்னேன். மூன்று எழுத்தும் விழுந்தன.